பம்ப் கடைசியில் வரட்டும்: காவிரிக் கரையில் ஒரு நீரேற்று நிலையம் கட்டிய அனுபவம்

நீரேற்று நிலையம் கட்டப் போகிறோம் என்று யாராவது போன் செய்தால், முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்த கேள்வி, எந்தக் கம்பெனி. இரண்டுக்கும் நான் உடனே பதில் சொல்வதில்லை. "கோடையில் ஆற்று மட்டம் எவ்வளவு இறங்குது, வெள்ளத்தில் எதுவரைக்கும் ஏறுது, ரெண்டையும் அளந்துட்டுக் கூப்பிடுங்க" என்பேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவதில்லை.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு இந்தப் போன்கள் அதிகமாகிவிட்டன. பவானியின் உபரி நீர் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது என்றதும், "அவ்வளவு தூரம் கொண்டுபோறாங்க, நம்ம ஊரு ஆத்துக்குப் பக்கத்துலயே இருக்குதே" என்ற கணக்கு மேட்டு நிலத்துக்காரர்கள் மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. நியாயமான கணக்குதான். ஆனால் அந்தத் திட்டத்தின் அளவு வேறு. நான் சொல்லப் போவது, ஒரு பாசன சங்கம் கட்டிய சின்ன நிலையத்தின் கதை. கொடுமுடிக்குக் கீழே, பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் நடுவே, நாமக்கல் பக்கத்துக் கரை. வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் கீழே வாய்க்கால் பாசனத்தில் பச்சையாக இருக்க, மேலே மரவள்ளியும் சோளமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மேட்டில் சுமார் 1,100 ஏக்கருக்கு ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலின் தலைப்புக்கு ஆற்றிலிருந்து தண்ணீர். வேலை இவ்வளவுதான்.

சங்கத் தலைவருக்கு எழுபது வயதிருக்கும். முதல் கூட்டத்தில் கேட்டார்: "ஏனுங்க சார், ஆத்துல இவ்ளோ தண்ணி போகுது. நாலு பெரிய மோட்டாரப் போட்டு ஏத்துனா முடிஞ்சுதுங்களே?"

"என்ன பயிர் வெக்கப் போறீங்க ஐயா?" என்று கேட்டேன்.

அதற்கு அங்கே ஆளுக்கொரு பதில் வந்தது. ஒருவர் நெல், ஒருவர் கரும்பு, ஒருவர் "தண்ணி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இந்தக் கேள்வியை முடிக்காமல் ஒரு கோடுகூட வரையக்கூடாது என்பது என் பழக்கம். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். அது ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2,450 கன மீட்டர். அறுபது ஏக்கரில் பரப்பினால் பத்து மில்லிமீட்டர் உயரம் நிற்கும். நெல்லுக்கு அது சரி. அதே தண்ணீரை மரவள்ளிக்கும் தென்னைக்கும் நிலக்கடலைக்கும் விட்டால் நூறு ஏக்கர் வரை இழுக்கலாம். சங்கம் உட்கார்ந்து பேசி, இந்த வாய்க்காலில் நெல் கிடையாது என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகுதான் 15 கன அடி என்ற எண் பிறந்தது. ஒரு நாளில் 18 மணி நேரம் ஓடினால் 1,100 ஏக்கருக்கும் சராசரியாக 6 மில்லிமீட்டர். அதில் வாய்க்கால் கசிவு போக மிச்சம்தான் பயிருக்கு. தாராளம் இல்லை, முறை வைத்துப் பாய்ச்சினால் தாங்கும். நெல் கேட்டவர் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மட்டம்

கதவணைகளுக்கு இடைப்பட்ட பகுதியாக இருந்தால் ஆற்று மட்டம் ஓரளவு ஒரே இடத்தில் நிற்கும். எங்கள் இடத்தில் அந்த வசதி இல்லை. மேட்டூரில் என்ன திறக்கிறார்களோ அதுதான் மட்டம். பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்பது மரபு. மற்ற மாதங்களில் குடிநீருக்கு மட்டும் கொஞ்சம் விடுவார்கள். அந்தக் கொஞ்சம் ஓடும்போது ஆறு எங்கே ஒதுங்கி ஓடுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். பழைய வரைபடத்தில் ஆற்றுப் படுகை இருந்த மட்டத்துக்கும் நாங்கள் அளந்த மட்டத்துக்கும் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே வித்தியாசம். ஆற்று மணலை அள்ளிப் போன கதை எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. ஆனால் டிசைன் செய்கிறவர் பழைய மட்டத்தை நம்பி, ஆற்று நீரைப் பம்ப் நிற்கும் கிணற்றுக்குக் கொண்டுவரும் நுழைகுழாயை வைத்தால், கட்டி முடித்த முதல் கோடையிலேயே கிணற்றுக்குள் காற்றுதான் வரும். இன்னும் ஒரு மீட்டர் படுகை இறங்கினாலும் தண்ணீர் கிடைக்கும்படி கீழ் நுழைகுழாயை வைத்தோம். அதற்கு மேலே இரண்டு மட்டங்களில் இரண்டு மதகு. புது வெள்ளத்தில் செம்மண் கலங்கி வரும்போது கீழ் மதகை அடைத்துவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்கலாம்.

மேல் மட்டத்துக்கு ஊர்தான் பதிவேடு. கரையில் ஒரு பிள்ளையார் கோவில். 2005 வெள்ளம் எந்தப் படி, 2018 ஆகஸ்ட் வெள்ளம் எந்தப் படி என்று ஆளாளுக்குக் காட்டினார்கள். காட்டிய படிகள் ஒன்றுக்கொன்று பொருந்தின. அது முக்கியம், ஏனென்றால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினால் அந்தத் தகவலை எடுத்துக்கொள்ள முடியாது. 1924 வெள்ளத்தைப் பற்றித் தாத்தா சொன்னதாகத் தலைவர் ஒரு இடத்தைக் காட்டினார். அது மேட்டூர் அணைக்கு முந்தைய காலம் என்பதால் மோட்டார் தளத்தை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகவில்லை. 2005 அடையாளத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர் என்று முடிவு செய்தோம். குறைந்த மட்டத்திலிருந்து மோட்டார் தளம் வரை மொத்தம் பன்னிரண்டு மீட்டர் உயரம் வந்தது.

இந்தப் பன்னிரண்டு மீட்டர்தான் பம்ப் வகையைத் தேர்ந்தெடுத்தது, நான் தேர்ந்தெடுக்கவில்லை. தரையில் வைக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்சாது. அதைக் கீழே கொண்டுபோய் உலர் அறையில் வைத்தால் வெள்ளத்தில் மோட்டார் முழுகும். ஆகவே வெர்ட்டிகல் டர்பைன்: பம்ப் தண்ணீருக்குள், மோட்டார் மேலே, நடுவில் நீளமான தண்டு. மூன்று ஓட, ஒன்று மாற்று. ஒவ்வொன்றும் 75 ஹெச்.பி. ஒரே பெரிய பம்பாகப் போட்டால் விலை குறையும் என்று ஒருவர் வாதாடினார். அந்த ஒன்று நின்றுபோனால் ஆயிரம் ஏக்கரும் நிற்கும் என்றதும் விட்டுவிட்டார்.

சுழி

டிசைன் தொடங்குவதற்கு முன்னால், ஆற்றோரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிலையத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து ஜல்லியை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆபரேட்டர் அது பம்பின் இயல்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், நீர்ப்பரப்பில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு சுழி, அதன் நடுவே கரிய துளை. அந்தத் துளை வழியாகக் காற்று நேரே பம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. நுழைகுழாய் வரும் திசைக்கு நேர் எதிரே பம்பை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் பாய்ந்து வந்து சுவரில் மோதிச் சுழன்று உள்ளே போனது. அங்கே இரண்டு முறை இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தை, மாற்றியாகிவிட்டது. மாற்ற வேண்டியது இம்பெல்லர் இல்லை.

கிணற்றுக்குள் தண்ணீர் பம்பை நோக்கி வரும் வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. பம்பின் வாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு ஒவ்வொரு பம்புக்கும் தனி அறைபோலத் தடுப்புச் சுவர் வேண்டும். வாய்க்கும் கிணற்றின் அடித்தளத்துக்கும் இடையே விட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி இடைவெளி. பின்சுவர் பம்பை ஒட்டியே, விட்டத்தில் கால்பங்கு தூரத்தில். பின்னால் தாராளமாக இடம் விட்டால் நல்லது என்று தோன்றும். அந்த இடத்தில்தான் சுழி பிறக்கும். எங்கள் பம்பின் வாய் 350 மில்லிமீட்டர். ஒரு பம்புக்கு வினாடிக்கு 142 லிட்டர் என்றால் வாயில் வேகம் ஒன்றரை மீட்டர். அதற்கு வாய்க்கு மேலே குறைந்தது ஒரு மீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கணக்கு வந்தது. குறைந்த மட்டத்திலிருந்து அந்த ஒரு மீட்டரைக் கீழே இறக்கித்தான் கிணற்றின் ஆழத்தை முடிவு செய்தோம்.

அடித்தளம் இன்னும் ஒரு மீட்டர் ஆழமானால் செலவு ஏறும், பாறையும் தட்டும். ஒப்பந்தக்காரர்கள் எப்போதும் அந்த ஒரு மீட்டரைத்தான் பேரம் பேசுவார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2023-இல் அந்த ஒரு மீட்டருக்குச் சோதனை வந்தது. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தார்கள், ஆனால் அணைக்கு வரத்து இல்லை. அக்டோபரில் பாசனத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 28-இல்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் ஆறு ஒரு ஓரமாக ஓடையைப் போல ஒதுங்கியது. அப்போது பாசனத்துக்கு எடுக்க அனுமதி இல்லை. ஆனால் சோதனைக்காக ஒரு பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தோம். கிணற்றில் நீர்ப்பரப்பு லேசாகக் குழிந்தது, துளை விழவில்லை.

கிணறு இறக்கிய கோடை

ஆற்றுக்குள் வேலை என்றால் பிப்ரவரி முதல் மே வரைதான் காலம். அதற்குள் எட்டு மீட்டர் விட்டமுள்ள கிணற்றை இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டு, நுழைகுழாயை இணைத்துவிட வேண்டும். கரையில் கட்டிங் எட்ஜை, அதாவது சுவருக்கு அடியில் மண்ணை வெட்டி இறங்கும் விளிம்பை, வைத்து, அதன்மேல் சுவரை வளையம் வளையமாக வார்த்து, உள்ளே மண்ணை அள்ள அள்ளக் கிணறு தன் எடையில் இறங்கும். மணலில் சுலபமாக இறங்கும். எங்களுக்குப் பாதி வழியில் ஒரு பக்கம் பெரிய கல் மாட்டியது. மறுபக்கம் மட்டும் இறங்கிக் கிணறு சாய்ந்தது.

எண்பதில் ஒரு பங்குக்கு மேல் சாயக்கூடாது என்பது பொதுவான வரம்பு. பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு அது பதினைந்து சென்டிமீட்டர். பாலத்தூணுக்கு அது பரவாயில்லை என்று விடலாம். பன்னிரண்டு மீட்டர் தண்டு நேராகத் தொங்க வேண்டிய கிணற்றில் அவ்வளவு சாய்வு வந்தால் பம்பின் வாய் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று திரும்பக் கணக்குப் போட வேண்டும். மேஸ்திரி அனுபவசாலி. உயர்ந்த பக்கத்தின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, அந்தப் பக்கமே உள்ளே மண்ணை எடுத்து, கல்லைத் துளையிட்டுப் பிளந்து வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நான்கு பக்கமும் மட்டம் பார்த்துச் சுவரிலேயே சுண்ணாம்பால் எழுதி வைத்தார் அவர். நோட்டில் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள், சுவரில் எழுதினால் வேலையாள் எல்லோரும் பார்ப்பார்கள் என்றார்.

அது 2022. ஜூன் 12 இருக்கிறதே என்ற நினைப்பில் ஒப்பந்தக்காரர் அட்டவணை போட்டிருந்தார். அந்த ஆண்டு அணையில் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். நல்ல வேளையாக அடிக் கான்கிரீட் முன்னதாகவே முடிந்திருந்தது. நுழைகுழாயைச் சுற்றிய மணல் மூட்டை அணை மட்டும் பாதி வேலையில் போனது. அந்தக் குழாயின் கடைசித் துண்டை அடுத்த கோடையில்தான் இணைத்தோம். ஆற்று வேலைக்கு அட்டவணை போடுகிறவர்கள் மே முதல் வாரத்தோடு ஆற்றை விட்டு வெளியேறுகிற மாதிரி போட்டுக்கொள்வது நல்லது. அதே ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆற்றில் இரண்டு லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் போனது. மேல் தளத்தில் நின்று பார்த்தோம். தளத்தின் மட்டத்தைப் பற்றி அதன் பிறகு சங்கத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

குழாயும் கரண்ட் போன நொடியும்

கிணற்றிலிருந்து வாய்க்கால் தலைப்பு வரை ஒன்றரை கிலோமீட்டர். உயரம் 24 மீட்டர். இரும்புக் குழாய் 500 மில்லிமீட்டரா 600-ஆ என்பதில்தான் பெரிய விவாதம் நடந்தது. 500 போட்டால் குழாய் விலையில் நல்ல மிச்சம். ஆனால் அந்த 15 கன அடி, அதாவது வினாடிக்கு 425 லிட்டர், அதில் போகும்போது உராய்வுக்கு மட்டும் 12 மீட்டர் போய்விடும். 600-இல் 5 மீட்டர்தான். ஏழு மீட்டர் வித்தியாசம் என்பது கிட்டத்தட்ட 40 கிலோவாட். ஆண்டுக்கு 2,500 மணி நேரம் ஓடினால் ஒரு லட்சம் யூனிட். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் விவாதம் முடிந்தது. குழாய் வாங்கும் பணம் ஒரே முறைதான் போகும், கரண்ட் பில் வருடா வருடம் வரும் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். யூனிட் கணக்கை மட்டும் சொன்னால் போதும்.

பம்பைவிட நான் அதிகம் பயந்தது கரண்ட் போகும் நொடிக்கு. ஒன்றரை கிலோமீட்டர் குழாயில் நானூறு டன்னுக்கு மேல் தண்ணீர் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து தள்ளும் பம்ப் சட்டென்று நின்றுவிடுகிறது. முன்னே போகும் தண்ணீர் உடனே நிற்காது. பின்னால் அழுத்தம் சரிகிறது. எங்கள் குழாய் நடுவில் ஒரு கரட்டின் மேல் ஏறி இறங்குகிறது. அந்த மேட்டில் அழுத்தம் சூன்யத்துக்குப் போய், தண்ணீர்த் தொடர் அங்கே இரண்டாக அறுபடும். பிறகு மேலே போன தண்ணீர் திரும்பி வந்து கீழே இருப்பதோடு மோதும். ஒன்றரை மீட்டர் வேகம் திடீரென்று சூன்யமானால் இரும்புக் குழாயில் ஏறும் அழுத்தம் சுமார் 150 மீட்டர் நீருயரத்துக்குச் சமம். நாம் வேலை பார்ப்பதோ ஏற்ற உயரமும் உராய்வும் சேர்ந்து வெறும் 29 மீட்டர் ஹெட்டில். குழாய் வெடிப்பதும், தண்ணீரைத் திரும்பி வரவிடாத ரிடர்ன் வால்வு உடைவதும், தரையில் வைத்த கான்கிரீட் கட்டை பெயர்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

அதற்கு நாங்கள் செய்தது மூன்று காரியம். கரட்டின் உச்சியில் ஒரு தொட்டி. குழாயில் அழுத்தம் குறைந்தால் அதிலிருந்து தண்ணீர் தானாகக் குழாய்க்குள் இறங்கும், குழாயிலிருந்து தொட்டிக்குத் திரும்பாது. பம்ப் பக்கத்தில் அறைந்து மூடாமல் நிதானமாக மூடும் ரிடர்ன் வால்வு. மேடான இடங்களில் எல்லாம் காற்றை உள்ளே விட்டு வெளியேற்றும் ஏர் வால்வு. இந்த ஏர் வால்வுகளை மலிவாக வாங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அவை மூடிக்கொள்ளாமல் ஒழுகினால், வழியில் இருக்கும் காட்டுக்காரர் கல்லை வைத்து அடைத்துவிடுவார். அடைத்த ஏர் வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம். சிறு அறை கட்டி, பூட்டுப் போட்டு, சாவியைச் சங்கத்தில் வைக்க வேண்டும்.

கரண்ட் போவதில் இன்னொரு ஆபத்து உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நின்ற பம்பின் தண்டுக்குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைத் தலைகீழாகச் சுழற்றும். நம் ஊரில் கரண்ட் போய் அரை நிமிடத்தில் திரும்புவது சாதாரணம். தலைகீழாகச் சுழலும் தண்டில் மோட்டார் நேர்த்திசையில் இழுத்தால் தண்டு முறுக்கி உடையும். மோட்டார் தலையில் பின்சுழற்சியைத் தடுக்கும் ராட்செட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்படியும், பேனலில் டைமர் வைத்து, கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழியாமல் எந்தப் பம்பும் ஏறக்கூடாது என்று கட்டிவைத்தோம். அந்த ஐந்து நிமிடமும் சும்மா போவதில்லை. தண்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்குகள் தண்ணீரில்தான் வழுக்கும். காய்ந்த ரப்பரில் தண்டு சுழன்றால் தீய்ந்துவிடும். மேலே ஒரு சின்னத் தொட்டியிலிருந்து சுத்தமான தண்ணீரை அதற்குள் விட்டு நனைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆபரேட்டர் தம்பிக்கு இதைச் சொன்னபோது, "எங்க ஊட்டுக் கெணத்து மோட்டார்ல இதெல்லாம் இல்லீங்களே சார்" என்றான். இல்லைதான்.

மின் இணைப்பு வேலையை எல்லோரும் கட்டட வேலைக்குப் பிறகு என்று தள்ளிவைப்பார்கள். விண்ணப்பத்தைக் கிணறு தோண்டும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நிற்கும், லாரி அதுவரை போகுமா, வெள்ளத்தில் முழுகுமா என்பதும் அப்போதே முடிவாகிவிடும். கெப்பாசிட்டர் பேனலை மறக்காதீர்கள். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் வேலைக்கு உதவும் பங்கு, 0.9-க்குக் கீழே இறங்கினால் பில்லில் தண்டம் வரும்.

தூக்க முடியாத பம்ப்

வரைபடத்தில் யாருமே பார்க்காத ஒரு அளவு, கூரை உயரம். பம்பைப் பழுதுக்கு மேலே எடுக்கும்போது தண்டுக்குழாய் மூன்று மீட்டர் துண்டுகளாகக் கழன்று வரும். அதன் மேல் கொக்கி, சங்கிலி, செயின் பிளாக்கின் உடல். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் கிரேன் பீம் உயரம் வர வேண்டும். பீம் கதவைத் தாண்டி வெளியே லாரி நிற்கும் இடம் வரை நீள வேண்டும். நான் பார்த்த ஒரு நிலையத்தில் கூரை ஷீட்டைக் கழற்றி, வாடகைக் கிரேன் கொண்டுவந்துதான் ஒவ்வொரு முறையும் பம்பை எடுக்கிறார்கள். ஆடி மாதத்தில் அந்தக் கிரேனுக்காகக் காத்திருப்பவருக்குத்தான் அந்த ஒரு மீட்டர் கூரையின் விலை தெரியும்.

ஆடி என்றதும் இன்னொன்று. நுழைவாயிலில் கம்பிச் சட்டம் போடும்போது ஆகாயத் தாமரையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை துணி. மேலே கொடுமுடியிலும் பவானி கூடுதுறையிலும் பரிகாரம் முடித்து ஆற்றில் விடும் வேட்டியும் சேலையும் நேரே நம் கம்பியில் வந்து சுற்றிக்கொள்ளும். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பூமாலை, வாழைத்தண்டு, துணி, பிளாஸ்டிக் தட்டு எல்லாம் சேர்ந்து ஒரு மெத்தையே நிற்கும். சட்டம் செங்குத்தாக இருந்தால் குப்பையை இழுத்து எடுக்க முடியாது; கொஞ்சம் சாய்த்து, மேலே ஒருவர் நின்று வாரியால் இழுக்கத் தளமும் கைப்பிடியும் வேண்டும். கம்பிக்கு முன்னும் பின்னும் ஒரு அளவுகோல் பதித்தோம். இரண்டு மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் வந்தால் வாரியை எடு என்பது ஆபரேட்டருக்குச் சட்டம். ஆடி 18 அன்றும் மறுநாளும் பம்ப் ஓடாது என்று சங்கம் பிறகு முடிவெடுத்தது. சாமி காரணமா, துணி காரணமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாய்க்கால் தலைப்பு

குழாய் வந்து விழும் தொட்டியில் தண்ணீர் கொந்தளிக்கும். அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் முதல் ஐம்பது அடிக்கு லைனிங், அதாவது வாய்க்காலின் உட்பூச்சு, ஒரு வருடத்தில் பெயர்ந்துவிடும். தடுப்புச் சுவர் வைத்து அமைதிப்படுத்தி, ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு நேர் விளிம்பின் மேல் வழியவிட்டோம். அந்த விளிம்புதான் எங்கள் மீட்டர். மூன்று பம்பும் ஓடினால் விளிம்புக்கு மேல் 29 சென்டிமீட்டர் நிற்கும் என்பது கணக்கு. மின்காந்த மீட்டர் ஒன்றும் இருக்கிறது. ஆனால் விவசாயி நம்புவது பெயிண்ட் அடித்த கோட்டைத்தான். ஒரு பம்ப், இரண்டு பம்ப், மூன்று பம்ப் என்று மூன்று கோடு. கோடுகளைக் கணக்கை வைத்துப் போடாமல் ஓட்டிப் பார்த்து அளந்து போட்டோம். ஏனென்றால் ஒரு பம்ப் மட்டும் ஓடும்போது குழாயில் உராய்வு குறைவு. மூன்றில் ஒரு பங்கைவிட அதிகமாகவே தரும். இதையே திருப்பிச் சொன்னால், மூன்று ஓடும்போது ஒவ்வொன்றும் தனியாக ஓடுவதைவிடக் குறைவாகத்தான் தரும். "மூணாவது மோட்டார் போட்டும் தண்ணி அவ்வளவு கூடலையே, யாரோ எங்கயோ திருடறாங்க" என்ற பேச்சு இந்தக் கோடுகள் வந்த பிறகுதான் ஓய்ந்தது.

முதல் தண்ணீர் விட்டபோது கடைமடைக்கு வர ரொம்ப நேரமானது. காய்ந்த கரையும் லைனிங் இல்லாத கிளை வாய்க்கால்களும் குடித்துக்கொண்டே இருந்தன. அன்றைக்கே ஒருவர் நடுவில் மடையை உடைத்துவிட்டார். நெல் கேட்டவர்தான் என்று பேச்சு, நான் பார்க்கவில்லை. முறைப்பாசனத்துக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி ஒருவரைச் சங்கம் சம்பளம் போட்டு நியமித்த பிறகு பாதிச் சண்டை குறைந்தது. மீதிப் பாதி எப்போதும் இருக்கும்.

இப்போது நிலையத்தை நடத்துவது அந்த ஆபரேட்டர் தம்பிதான். அவனுக்கு நான் கொடுத்த நோட்டில் நேரம், ஆற்று மட்டம், கிணற்று மட்டம், ஆம்பியர், விளிம்பின் கோடு, இந்த ஐந்தை மட்டும்தான் எழுதச் சொன்னேன். பத்துப் பதினைந்து பத்தி போட்டால் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினாலும் நேற்றையதைப் பார்த்து எழுதுவார்கள். ஆம்பியர் அதே நிற்க, கோடு மட்டும் மெல்லக் கீழே வந்தால் இம்பெல்லரும், அதைச் சுற்றி இடைவெளியைக் குறைக்கும் வளையமான வேர் ரிங்கும் தேய்கின்றன என்று பொருள். தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்டிலிருந்து நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சொட்டு விழ வேண்டும். ஒழுகுகிறதே என்று இறுக்கிவிடுவது எல்லாருடைய கை பழக்கம். இறுக்கினால் உள்ளே தண்டின் உறையான ஸ்லீவ் சூடாகித் தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அந்தக் கிளாண்ட் பக்கத்திலேயே "ஒழுகட்டும்" என்று அவன் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறான். சங்கத்துக்காரர் யார் வந்தாலும் முதலில் ஸ்பேனரைத்தான் தேடுகிறார்களாம்.

பிப்ரவரியில் ஆறு இறங்கியதும் கிணற்றை இறைத்து அடியில் சேர்ந்த மணலை அள்ளுகிறோம். முதல் வருடம் முழங்கால் அளவு இருந்தது. மேல் மதகைச் சரியாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு கணுக்காலுக்கு வந்துவிட்டது. இரண்டாம் பம்பைத் தனியாக ஓட்டினால் மட்டும் விளிம்பில் தண்ணீர் மற்ற பம்புகளைவிட ஒரு சென்டிமீட்டர் குறைந்து நிற்கிறது. அடுத்த கோடையில் அதை மேலே தூக்க வேண்டும். வேர் ரிங், ரப்பர் பேரிங், ஸ்லீவ் மூன்றையும் இப்போதே ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறேன். பம்பைக் கழற்றிப் போட்ட பிறகு ஆர்டர் போட்டால் மாற்றுப் பம்பை நம்பியே அந்தக் கோடையை ஓட்ட வேண்டியிருக்கும்.